ஒத்திப்போட்ட அறுவைகளும் ஓர் ஏரிக் கணக்கும்

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், மத்திய சுகாதார அமைச்சகம் நாட்டிலுள்ள மருத்துவமனைகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை ஒத்திவையுங்கள் என்பது அதில் கூறப்பட்டவற்றுள் ஒன்று. கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்து அப்போது 9 நாட்களே ஆகியிருந்தன. படுக்கைகள், செயற்கை மூச்சுக் கருவிகள், பிராணவாயு, மருத்துவர்கள், செவிலியர்கள் எல்லாமே தொற்று நோயாளிகளுக்குத் தேவைப்படும் என்பது தெரிந்திருந்தது. ஆகவே அந்த அறிவுரை சரியானதே.

நிறுத்துவதற்கு ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது. திரும்பத் தொடங்குவதற்கும் ஒரு கடிதம் போதுமா? போதாது. அதற்குக் கொஞ்சம் மருத்துவமும், கொஞ்சம் இயற்பியலும், நீங்கள் எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்ட கணக்கும் தேவைப்பட்டன. அது எப்படி என்று பார்ப்போம்.

'அவசரமில்லாதது' என்றால் என்ன?

விபத்தில் அடிபட்டு இரத்தம் கொட்டும் ஒருவருக்குச் சில நிமிடங்களில் அறுவை செய்தாக வேண்டும். குடல்வால் வெடித்துவிட்டால் சில மணி நேரம். இவை அவசர அறுவைகள். பெருந்தொற்றுக் காலத்திலும் இவை நிற்கவில்லை, நிறுத்தவும் முடியாது.

கண்புரை, குடலிறக்கம், பித்தப்பைக் கல், கருப்பைக் கட்டி, தேய்ந்துபோன முழங்கால் மூட்டு முதலியவற்றுக்கு முன்கூட்டியே நாள் குறித்து அறுவை செய்யலாம். இவற்றைத் 'திட்டமிட்ட அறுவைகள்' என்பார்கள். இவை செய்யாமல் விட்டுவிடக் கூடியவை என்று நினைத்துவிடக் கூடாது. நாள் குறித்துச் செய்யலாம் என்பது மட்டுமே இதன் பொருள். புற்றுநோய்க் கட்டியை அகற்றும் அறுவைகளில் பெரும்பாலானவையும் இப்படி நாள் குறித்துச் செய்யப்படுபவைதாம். அவை எவ்வளவு காலம் பொறுக்கும்?

பிரிட்டனின் அறுவை மருத்துவச் சங்கங்கள் 2020இல் இதற்கு ஒரு படிவரிசை வகுத்தன. 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியவை, 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டியவை, ஒரு மாதத்துக்குள், மூன்று மாதத்துக்குள், மூன்று மாதத்துக்கு மேலும் பொறுக்கக் கூடியவை என்று பிரித்தன. ஆனால் ஒரு படியில் இருப்பவர் என்றைக்கும் அதே படியில் இருப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். ஆறு மாதம் பொறுக்கும் என்று விட்ட குடலிறக்கம் ஒருநாள் சிக்கிக்கொண்டு, குடலுக்கு இரத்த ஓட்டம் நின்றுவிட்டால், அது அன்றைக்கே செய்ய வேண்டிய அவசர அறுவையாகிவிடும்.

ஏரிக் கணக்கு

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே ராஜேந்திர சோழன் அமைத்த சோழகங்கம் என்னும் பேரேரியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இன்று அதைப் பொன்னேரி என்கிறோம். ஓர் ஏரியில் நீர்மட்டம் எப்போது உயரும்? வரத்து மிகுந்து, மதகு வழியே வெளியேறுவது குறைந்தால் உயரும். இரண்டும் சமமாக இருந்தால் மட்டம் மாறாது.

அறுவைக்குக் காத்திருப்போர் வரிசையும் ஓர் ஏரியே. புதிதாக நோய் கண்டு வருபவர்கள் வரத்து. அறுவை முடிந்து வீடு திரும்புபவர்கள் மதகு வழியே வெளியேறும் நீர். 2020இல் மதகை மூடினோம். ஆனால் பெருந்தொற்று வந்ததற்காகக் கண்புரையும் புற்றுநோயும் மனிதர்களுக்கு வராமல் நின்றுவிடுமா? வரத்து தொடர்ந்துகொண்டே இருந்தது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களின் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் 2020 மே மாதம் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். தொற்று உச்சத்தில் இருக்கும் 12 வாரங்களில், செய்யப்பட வேண்டிய திட்டமிட்ட அறுவைகளில் சுமார் 72 விழுக்காடு நின்றுபோகும். உலகம் முழுவதும் இது 2 கோடியே 84 லட்சம் அறுவைகள் ஆகும் என்பது அந்த மதிப்பீடு. பிறகு ஒவ்வொரு நாடும் வழக்கத்தைவிட 20 விழுக்காடு கூடுதலாக அறுவை செய்தாலும், தேங்கியதைத் தீர்க்க ஏறத்தாழ 45 வாரங்கள் ஆகும் என்றும் அவர்கள் கூறினார்கள்.

45 வாரம் எப்படி வந்தது? ஆய்வாளர்கள் விரிவான புள்ளியியல் முறையைக் கையாண்டார்கள். ஆனால் அதற்கு மிக அருகிலுள்ள ஒரு விடையை நீங்களே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம்.

வாரத்துக்கு 100 அறுவைகள் செய்யும் ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். 12 வாரங்களில் 1,200 அறுவைகள் நடந்திருக்க வேண்டும். அதில் 72.3 விழுக்காடு நின்றுபோனால், தேங்கியவை 868. மருத்துவமனை மீண்டும் திறந்து, முன்போல வாரத்துக்கு 100 செய்தால் என்ன ஆகும்? வாரந்தோறும் புதிதாக வரும் 100 பேருக்கே அது சரியாகப் போய்விடும். 868 பேரில் ஒருவர்கூடக் குறையமாட்டார். ஏரியின் மட்டம் அப்படியே நிற்கும்!

20 விழுக்காடு கூட்டி வாரத்துக்கு 120 செய்தால், வாரத்துக்கு 20 பேர் குறைவார்கள். 868ஐ 20ஆல் வகுத்தால் சுமார் 43 வாரங்கள். ஆய்வாளர்களின் 45க்கு எவ்வளவு நெருக்கம் பாருங்கள். 10 விழுக்காடு மட்டுமே கூட்ட முடிந்தால் 87 வாரங்கள். 5 விழுக்காடு என்றால் 174 வாரங்கள், அதாவது மூன்று ஆண்டுகளுக்கும் மேல். மூன்று மாதம் மூடிய மதகுக்கு மூன்று ஆண்டு வட்டி!

கண்ணில் படாத வரிசை

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. மருத்துவமனைப் பதிவேட்டில் பெயர் ஏறியவர்களை மட்டுமே அது எண்ணுகிறது. ஏரிக்கு வந்து சேராமல் வயல்களிலும் ஓடைகளிலும் நிற்கும் மழைநீர் அளவுகோலில் தெரியாது அல்லவா?

இந்தியாவில் 41 புற்றுநோய் மருத்துவ மையங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2021இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 2020 மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களை, 2019ஆம் ஆண்டின் அதே மாதங்களோடு அது ஒப்பிட்டது. பெரிய அறுவைகள் 17,120இலிருந்து 8,677ஆகக் குறைந்திருந்தன, ஏறத்தாழப் பாதி. புதிதாகப் பதிவு செய்துகொண்ட நோயாளிகளின் எண்ணிக்கையோ 1,12,270இலிருந்து 51,760ஆக, பாதிக்கும் கீழே போயிருந்தது.

இரண்டாவது எண்ணைச் சற்று நின்று நோக்குங்கள். அறுபதாயிரம் பேருக்குப் புற்றுநோய் வராமல் போய்விட்டதா? இல்லை. அவர்கள் வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை அறிய அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்தை நினைத்துப் பாருங்கள். 2020இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. அது 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. பெரிய அறுவை என்றால் கொள்ளிடத்தைத் தாண்டித் தஞ்சாவூருக்கோ, அல்லது திருச்சிக்கோ போயாக வேண்டும். இரண்டுமே வேறு மாவட்டங்கள். மார்ச் இறுதியில் பேருந்துகள் நின்றன. இடையில் சில வாரங்கள் ஓடி மீண்டும் நின்று, மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லும் பேருந்துகள் செப்டம்பர் 7இல்தான் திரும்ப ஓடத் தொடங்கின. இதற்கிடையே மே மாதம், சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் பலருக்குத் தொற்று இருந்ததால், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. மருத்துவமனை என்றாலே அச்சம் என்ற நிலை.

மார்பில் சிறு கட்டி ஒன்றைத் தடவி உணர்ந்த ஒரு தாய் அந்த ஊரில் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். வலியில்லாத கட்டி. "பஸ் ஓடட்டும், பார்த்துக்கலாம்" என்று அவர் இருந்துவிட்டால், எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இராது. மதகு திறந்த நாளில், முன்பே பெயர் பதிந்தவர்களுக்கும், அடிக்கடி தொலைபேசியில் கேட்பவர்களுக்கும் முதலில் இடம் கிடைக்கும். பேசாமல் இருப்பவர்தான் மிகவும் பின்தங்குவார். ஆகவே பாதுகாப்பாகத் தொடங்குவதன் முதல் வேலை, வராதவர்களைத் தேடிப் போவது.

தாமதத்தின் விலையும் அளக்கப்பட்டிருக்கிறது. புற்றுநோய் அறுவையில் நான்கு வாரத் தாமதம் ஒவ்வொன்றும் இறப்பு அபாயத்தை 6 முதல் 8 விழுக்காடு உயர்த்துகிறது என்று 2020 நவம்பரில் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. இதைத் தவறாகப் படித்துவிடாதீர்கள். நூறு பேரில் 6 பேர் கூடுதலாக இறப்பார்கள் என்பதல்ல இதன் பொருள். ஆயிரம் பேரில் 100 பேர் இறக்கக் கூடிய நோய் என்றால், அது சுமார் 106 முதல் 108 வரை ஆகும் என்பதே பொருள். சிறிய வேறுபாடுதானே என்கிறீர்களா? ஒவ்வொரு நான்கு வாரத்துக்கும் அது கூடிக்கொண்டே போகும்.

யாருக்கு முதலில்?

காத்திருப்பதில் ஆபத்து, அவசரப்பட்டுத் திறப்பதிலும் ஆபத்து. 2020இன் தொடக்க மாதங்களில், அறுவையை ஒட்டி கொரோனா தொற்றும் இருந்த 1,128 பேரை ஆராய்ந்தபோது, பாதிப்பேருக்கு நுரையீரல் கோளாறுகள் ஏற்பட்டிருந்தன. நூற்றுக்கு ஏறத்தாழ 24 பேர் 30 நாட்களுக்குள் இறந்திருந்தனர். இவர்களில் பெரும்பாலோர் அவசர அறுவைக்கு வந்தவர்கள். ஆகவே இந்த எண்ணை எல்லா அறுவைகளுக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. எனினும் எச்சரிக்கைக்கு இது போதும்.

இதனால், சுற்றுவட்டாரத்தில் புதிய தொற்றுகள் தொடர்ந்து 14 நாட்களாவது குறைந்துவந்த பிறகே தொடங்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ அமைப்புகள் 2020 ஏப்ரலில் கூட்டாக அறிவுறுத்தின. வரிசையைத் தீர்மானிக்கச் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் முறையையே வகுத்தார்கள். அறுவை எவ்வளவு நேரம் பிடிக்கும், எத்தனை நாள் படுக்கை வேண்டும், எவ்வளவு இரத்தம் வேண்டும், தாமதித்தால் நோய் எவ்வளவு முற்றும், நோயாளிக்கு நீரிழிவோ நுரையீரல் நோயோ உண்டா என்பன போன்ற 21 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 21க்கும் 105க்கும் இடையில் வரும். உங்கள் தேர்வைப் போல் அல்லாமல், இதில் குறைந்த மதிப்பெண் வாங்கியவருக்கே முதலிடம்!

கண்புரை அறுவையை இந்தக் கண்ணோடு பாருங்கள். கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். தொண்டைக்குள் குழாய் வேண்டாம். இரத்தம் ஏற்ற வேண்டாம். அறுவைக்கு ஆகும் நேரமும் சில நிமிடங்களே. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும் ஒரு பாட்டிக்கு அதனால் கிடைப்பதோ பார்வை. எனவே இத்தகைய அறுவைகளை விரைவாகப் பெருக்க முடிந்தது. தேங்கிய கண்புரை அறுவைகளைத் தீர்க்க மத்திய அரசு 2022இல் ஓர் இயக்கத்தையே தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் 75, 90, 105 லட்சம் என்று மொத்தம் 270 லட்சம் அறுவைகள் இலக்கு. முதல் ஆண்டில் 83 லட்சத்துக்கு மேல் செய்து முடித்தார்கள்.

அறுவை அரங்கின் காற்று

இனி இயற்பியலுக்கு வருவோம். பெரிய அறுவையில் நோயாளியின் மூச்சுக் குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்தியே மயக்க வாயுவைக் கொடுக்கிறார்கள். அதைச் செருகும்போதும் எடுக்கும்போதும் நோயாளி இருமினால், நுண்திவலைகள் காற்றில் கலக்கும்.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு மைக்ரான். 100 மைக்ரான் குறுக்களவுள்ள திவலை, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து சுமார் 6 விநாடியில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் திவலைக்கு ஏறக்குறைய 8 நிமிடம் வேண்டும். 1 மைக்ரான் என்றால்? அசையாத காற்றில்கூட 12 மணி நேரத்துக்கு மேல் மிதக்கும். ஸ்டோக்ஸ் விதிப்படி விழும் வேகம் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்பதே காரணம். ஆகவே சிறு திவலைகள் தாமாக விழும் என்று காத்திருப்பதில் பயனில்லை. காற்றையே மாற்ற வேண்டும்.

அரங்கின் கொள்ளளவுக்குச் சமமான தூய காற்றைச் செலுத்துவதை ஒரு 'காற்று மாற்றம்' என்பார்கள். ஒரு மாற்றத்தில் பழைய காற்று முழுவதும் போய்விடுமா? போகாது. ஒரு வாளி மைத்தண்ணீரில் குழாயைத் திறந்துவிட்டுப் பாருங்கள். உள்ளே வரும் நல்ல நீர் மைநீரோடு கலந்துகொண்டேதான் வழியும். ஒரு வாளி நீர் உள்ளே போன பிறகும் 37 விழுக்காடு மை மிஞ்சியிருக்கும். இரண்டாவது வாளிக்குப் பின் 14, மூன்றாவதற்குப் பின் 5. மை நூற்றில் ஒரு பங்காகக் குறைய 4.6 வாளி நீர் வேண்டும்.

காற்றுக்கும் இதே கணக்குதான். மணிக்கு 6 காற்று மாற்றம் உள்ள அறையில் 99 விழுக்காடு நுண்திவலைகள் நீங்க 46 நிமிடம் ஆகும். 20 மாற்றம் உள்ள அரங்கில் 14 நிமிடம் போதும். நாளைக்கு 6 அறுவைகள் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இப்படிக் காத்திருந்தால், முதல் அரங்கில் 4 மணி 36 நிமிடம் வீணாகும். இரண்டாவதில் 1 மணி 24 நிமிடம்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் மிச்சம்! அந்த நேரத்தில் இன்னும் ஓரிருவருக்கு அறுவை செய்துவிடலாம். பாதுகாப்பும் வேகமும் ஒன்றுக்கொன்று பகை என்று பலர் எண்ணுகிறார்கள். நல்ல காற்றோட்டம் உள்ள இடத்தில் அவை கூட்டாளிகள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வழக்கமாக அறுவை அரங்கின் காற்றழுத்தம் வெளியே உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். கதவைத் திறந்தால் காற்று வெளியே பாயும்; வெளித்தூசியும் கிருமியும் உள்ளே வாரா. ஆனால் உள்ளே இருப்பவரே தொற்று நோயாளி என்றால், அவருடைய கிருமிகள் தாழ்வாரத்துக்கு வந்துவிடுமே! அதனால் வசதியுள்ள இடங்களில் தொற்று உள்ளவர்களுக்குத் தனி அரங்கு ஒதுக்கி, அழுத்தத்தைக் குறைத்து வைத்தார்கள்.

ஏழு வாரக் கெடு

தொற்று வந்து குணமானவருக்கு எப்போது அறுவை செய்யலாம்? 2020 அக்டோபரில் 116 நாடுகளில் அறுவை செய்துகொண்ட 1,40,231 பேரைப் பின்தொடர்ந்து இதற்கு விடை கண்டார்கள். 30 நாட்களுக்குள் இறந்தவர்கள், தொற்றே வராதவர்களில் ஆயிரத்துக்கு 15 பேர். தொற்று தெரிந்து இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்துகொண்டவர்களில் 41 பேர். 3, 4 வாரங்களில் 39. 5, 6 வாரங்களில் 36. ஏழு வாரம் கடந்தவர்களில் மீண்டும் 15. இந்தத் திடீர் இறக்கத்தைப் பார்த்தே, இயன்றவரை ஏழு வாரம் பொறுங்கள் என்றார்கள். ஆனால் ஏழு வாரம் கழித்தும் இருமலோ மூச்சுத் திணறலோ விடாதவர்களில் இறந்தோர் 60 பேர்.

நுரையீரல் ஏன் இவ்வளவு காலம் கேட்கிறது? அதிலுள்ள கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் சோப்புக் குமிழிகளைப் போன்றவை. குமிழி சிறிதாக ஆக, பரப்பு இழுவிசை அதைச் சுருக்கும் அழுத்தம் கூடும். நுண்ணறைகள் இப்படிச் சுருங்கி ஒட்டிவிடாமல் காப்பது, அவற்றின் உட்சுவரிலுள்ள சில செல்கள் சுரக்கும் ஒரு பொருள். பரப்பு இழுவிசையை அது குறைக்கிறது. கொரோனா வைரஸ் தாக்குவதும் அந்தச் செல்களையே. அவை மீள்வதற்கு முன் மயக்க மருந்தும் செயற்கை மூச்சும் சேர்ந்தால் நுரையீரலுக்குச் சுமை இரட்டிப்பாகும்.

பின்னர் தடுப்பூசி பரவி, நோயின் கடுமையும் தணிந்ததால், ஏழு வாரக் கெடுவைத் தளர்த்தி, ஒவ்வொருவரின் உடல்நிலையையும் அறுவையின் அவசரத்தையும் எடைபோட்டு முடிவு செய்யும் முறை வந்துவிட்டது. ஆயினும் வீட்டில் யாருக்காவது அறுவைக்கு நாள் குறித்திருந்தால், அண்மையில் வந்த காய்ச்சல், இருமல் எதையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. "சொன்னால் தேதியைத் தள்ளிவிடுவார்கள்" என்று பெரியவர்கள் தயங்கினால், மேலே கண்ட 41ஐயும் 15ஐயும் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

இறுதியாக ஒரு கணக்கு. வாரத்துக்கு 50 அறுவைகள் செய்யும் ஒரு மருத்துவமனை 8 வாரம் முழுவதும் மூடிக் கிடந்தது. திறந்த பிறகு, எல்லோரும் கூடுதலாக உழைத்து வாரத்துக்கு 54 செய்கிறார்கள். தேங்கியது எத்தனை வாரத்தில் தீரும்? 400ஐ 4ஆல் வகுத்தால் 100 வாரம். இது எளிது.

இப்போது, 50 வாரம் இப்படி உழைத்த பிறகு, அவசரத்தில் முகக்கவசத்தையும் பரிசோதனையையும் கைவிட்டதால் மருத்துவமனைக்குள்ளேயே தொற்று பரவி, மீண்டும் 4 வாரம் மூட நேர்ந்தது என்று கொள்ளுங்கள். 50 வாரத்தில் 200 பேர் குறைந்திருப்பார்கள். மூடிய 4 வாரத்தில் புதிதாக 200 பேர் சேர்ந்துவிடுவார்கள். காத்திருப்போர் மறுபடியும் 400. ஓராண்டு உழைப்பு ஒரே மாதத்தில் கரைந்துவிட்டது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை எழுந்தபோது, நம் நாட்டு மருத்துவமனைகள் பலவும் திட்டமிட்ட அறுவைகளை மறுபடி ஒத்திவைக்க நேர்ந்ததை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள். திறந்த மதகைத் திரும்ப மூடாமல் வைத்திருப்பது, சீக்கிரம் திறப்பதைவிடப் பெரிய வேலை என்பது விளங்கும்.